விட்டிலை அறிந்த வித்தகர்

புதுக்கோட்டை மாவட்டத்தில் வானம் பார்த்த நிலங்கள் பல. செம்மண்ணும் சரளையும் கலந்த அந்நிலங்களில் உழவர் கடலையும் பயறும் விதைக்கின்றனர். நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் விதை மட்டுமா உயிர் பெறுகின்றது? மண்ணுக்குள் கூட்டுப்புழுவாய் உறங்கிக் கிடந்த கம்பளிப்புழு இனமும் சிறகு பெற்று, அந்துப்பூச்சியாய் வெளிப்படுகின்றது. அப்பூச்சி இட்ட முட்டைகளிலிருந்து தோன்றும் செந்நிறக் கம்பளிப்புழுக்கள் கடலைச் செடியின் இலைகளை அரித்துத் தின்று தண்டை மட்டுமே எஞ்ச விடும். ஒரு வயலை அழித்தபின் கூட்டங்கூட்டமாய் அடுத்த வயலை நோக்கி ஊர்ந்து செல்லும். உழவரின் பல நாள் உழைப்பு ஒரு சில நாள்களில் பாழாகும்.

வயலில் மட்டுமன்று, வீட்டிலும் இவ்வினத்துக்கு இடம் உண்டு. அரிசியில் நூலாம்படை போன்ற இழைகளைப் பின்னி மணிகளைக் கட்டியாக்குவது அரிசி அந்துப்பூச்சியின் புழு. பெட்டியில் மடித்து வைத்த கம்பளியைத் துளைப்பது துணி அந்துப்பூச்சியின் புழு. கத்தரிக்காயைக் குடைந்து உள்ளே குடியிருப்பதும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவே.

இவற்றைத் தடுக்க நம் மக்கள் பல வழிகளைக் கையாண்டு வந்துள்ளனர். குதிரில் வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டு வைத்தனர். தானியத்தை வெயிலில் நன்கு காயவைத்தனர். மழை பெய்த இரவுகளில் வயலோரம் தீ மூட்டி, ஒளியை நாடி வரும் விட்டில்களை மாய்த்தனர். கோடை உழவு செய்து, மண்ணுக்குள் இருந்த கூட்டுப்புழுக்களைப் பறவைகளுக்கு இரையாக்கினர். இக்காலத்தில் கத்தரித் தோட்டங்களிலும் பயற்று வயல்களிலும் வேறொரு கருவியும் தொங்குவதைக் காணலாம். அதனை இனக்கவர்ச்சிப் பொறி என்பர். அதில் தீயும் இல்லை. தெளிக்கும் நஞ்சும் இல்லை. பெண் பூச்சியின் மணத்தை ஒத்த ஒரு பொருள் அதனுள் சிறிதளவு வைக்கப்பட்டிருக்கும். அதனை நாடி வரும் ஆண் பூச்சிகள் பொறியினுள் அகப்பட்டுக் கொள்ளும்.

மனிதரின் மூக்குக்குச் சிறிதும் புலப்படாத மணம், எங்கோ இருக்கும் ஆண் பூச்சியை இருளிலும் அழைத்து வருகின்றது. இந்த வியப்பைத் தம் வீட்டிலும் தோட்டத்திலும் இருந்தவாறே ஆராய்ந்து, உலகுக்குச் சுவைபட எடுத்துரைத்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் ழான் ஆன்றி ஃபாபர். பெரிய ஆய்வுக்கூடம் அவருக்கு வாய்த்ததில்லை. செல்வம் அவரை நாடியதில்லை. கூர்ந்து நோக்கும் கண்ணும் சலியாத பொறுமையுமே அவர் பெற்றிருந்த கருவிகள்.

வறுமையில் வளர்ந்த இளமை

ஃபாபர் 1823ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தென் பிரான்சில் சேன் லெயோன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் மிக எளியவர். உண்ணும் வாய் ஒன்று குறையட்டும் என்று கருதிய அவர்கள், குழந்தையைப் பாட்டனாரின் மலைப்பண்ணைக்கு அனுப்பி வைத்தனர். ஆடுமாடுகளிடையே வளர்ந்த சிறுவனுக்குப் புல்லும் பூச்சியுமே விளையாட்டுத் தோழர் ஆயின.

பின்னர்ப் பெற்றோரிடம் திரும்பியபோது, வாத்துக் குஞ்சுகளை மேய்க்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. குஞ்சுகள் குட்டையில் நீந்த, சிறுவன் கரையில் அமர்ந்து வண்டுகளையும் மின்னும் கற்களையும் பொறுக்கிச் சட்டைப் பையில் நிரப்பிக் கொள்வான். பை கிழிந்ததைக் கண்ட பெற்றோர் கடிந்து கொள்வர். கற்களை எறியச் சொல்வர். பிழைப்புக்கு உதவாத பித்து என்பது அவர்கள் எண்ணம். நாள்தோறும் உணவுக்குப் போராடும் குடும்பத்தில் அவ்வாறு எண்ணியது வியப்பன்று.

தந்தையார் ஊர் ஊராகச் சென்று சிறு உணவுக்கடைகள் நடத்திப் பார்த்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. குடும்பம் சிதறியது. பள்ளிப் படிப்பு நின்றது. இளைஞர் ஃபாபர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். இருப்புப்பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தார். பசித்த வயிற்றோடு நடந்த ஒரு நாளில், கையில் இருந்த கடைசிக் காசுகளையும் கொடுத்து ஒரு கவிதை நூலை வாங்கினார் என்பது அவருடைய அறிவுப் பசியைக் காட்டும்.

1840ஆம் ஆண்டு அவிஞ்ஞோன் நகரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகைக்கான போட்டித் தேர்வு நடைபெற்றது. ஃபாபர் அதனை எழுதி வெற்றி பெற்றார். உண்ண உணவும் படிக்க நூலும் ஒருசேரக் கிடைத்தன. இரண்டே ஆண்டுகளில் அவர் ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

கற்பித்தலும் கற்றலும்

கார்ப்பன்றா என்னும் ஊரில் அவர் முதலில் பணியாற்றினார். ஒரு நாள் நில அளவை கற்பிப்பதற்காக மாணவர்களைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்றார். மாணவர்கள் அளவைக் கோலை மறந்து, கற்களின் மேல் மண்ணால் கட்டப்பட்டிருந்த தேனீக் கூடுகளில் வைக்கோல் துரும்பை விட்டுத் தேன் உறிஞ்சிக் கொண்டிருந்தனர். வேறோர் ஆசிரியராயின் சினந்திருப்பார். ஃபாபரோ மாணவர்களோடு தாமும் அக்கூட்டை நோக்கலானார். அத்தேனீயைப் பற்றி அறிய ஒரு நூலை வாங்கினார். அதன் விலை அவருடைய ஒரு திங்கள் ஊதியம்!

1849ஆம் ஆண்டு கார்சிக்காத் தீவில் இயற்பியல் ஆசிரியராய் அமர்ந்தார். அங்கு வந்த மோக்கன் தாந்தோன் என்னும் அறிஞர், தட்டு நீரில் ஒரு நத்தையை இட்டு, கத்தரிக்கோலும் ஊசியும் கொண்டு அதன் உள்ளுறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். ஃபாபர் முறையாகப் பெற்ற உயிரியற் பாடம் அநேகமாக அது ஒன்றுதான். எளிய கருவிகளே போதும் என்பதை அன்று அவர் உணர்ந்தார். 1853இல் அவிஞ்ஞோன் நகருக்குத் திரும்பி, அங்கே ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார்.

1865ஆம் ஆண்டு அவர் இல்லத்துக்குப் புகழ் பெற்ற விருந்தினர் ஒருவர் வந்தார். அவர்தாம் லூயி பாஸ்டர். பட்டுப்பூச்சிகளை நோய் தாக்க, பிரான்சின் பட்டுத் தொழில் நலிந்து கொண்டிருந்த காலம் அது. நோயை ஆராய வந்த பாஸ்டர் ஒரு பட்டுக்கூட்டைக் காண விரும்பினார். கூட்டைக் கையில் வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கின்றதே என்று வியந்தார். புழு கூட்டுப்புழுவாகிப் பின் சிறகுள்ள பூச்சியாகும் என்பதையும் அவர் அதுவரை அறிந்திருக்கவில்லை.

ஃபாபர் திகைத்தார், ஆனால் இகழவில்லை. ஒன்றும் அறியாத நிலையிலிருந்து தொடங்கவும் அஞ்சாத அத்துணிவை மதித்தார். பாஸ்டர் சில ஆண்டுகளில் நோய்க்கு வழி கண்டார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியின் உடலை உருப்பெருக்கியின்கீழ் ஆராய்ந்து, நோயுற்ற தாயின் முட்டைகளை அழித்து, நலமுள்ள தாயின் முட்டைகளை மட்டும் வளர்ப்பதே அவ்வழி. பட்டு முட்டை உற்பத்தியில் அம்முறை இன்றும் கைக்கொள்ளப்படுகின்றது. நூலறிவை முன்னே நிறுத்தாமல், பூச்சியினிடமே பாடம் கேட்பது என்னும் நெறியை ஃபாபரும் தம் வாழ்நாள் முழுவதும் போற்றினார்.

வீடிழந்த அறிஞர்

ஊதியம் போதாமையால் ஃபாபர் வேறொரு முயற்சியிலும் ஈடுபட்டிருந்தார். நம் நாட்டுச் சாயவேரைப் போலச் செந்நிறம் தரும் செடியொன்று அப்பகுதியில் பயிரிடப்பட்டது. அதன் வேரிலிருந்து தூய சாயத்தைப் பிரிக்கும் வழியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டார். அது பொருள் தரும் வேளையில், செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது. வேர்ச்சாயம் விலை போகவில்லை. அவருடைய நம்பிக்கையும் சாய்ந்தது.

அதனினும் பெரிய துன்பம் பின்னர் வந்தது. அவர் பொதுமக்களுக்கு இலவசமாக அறிவியற் சொற்பொழிவுகள் ஆற்றி வந்தார். இளம்பெண்களும் அவற்றைக் கேட்க வந்தனர். மலர்கள் எவ்வாறு கருவுறுகின்றன என்பதைப் பெண்களுக்கு எடுத்துரைப்பது தகாத செயல் எனச் சிலர் கண்டனம் எழுப்பினர். அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர்கள் வெளியேறுமாறு ஆணையிட்டனர். 1870ஆம் ஆண்டு, மனைவியோடும் ஐந்து மக்களோடும் அவர் தெருவில் நிற்கும் நிலை உண்டாயிற்று. அப்பொழுது உதவியவர் ஆங்கில நாட்டு அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவர் அளித்த மூவாயிரம் பிராங்குக் கடனே குடும்பத்தைக் காத்தது. ஃபாபர் ஒராஞ்சு என்னும் ஊரில் குடியேறி, பள்ளிப் பாடநூல்கள் எழுதிக் குடும்பத்தைப் பேணினார், கடனையும் தீர்த்தார்.

1877ஆம் ஆண்டு, பூச்சிகளைத் தேடுவதில் அவருக்குத் துணையாயிருந்த மகன் ழூல் பதினாறாம் வயதில் இறந்தான். அத்துயரிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. தாம் புதிதாய்க் கண்ட குளவிகளுக்கு மகனுடைய பெயரையே சூட்டினார்.

முள்ளும் கல்லும் நிறைந்த சோலை

1879ஆம் ஆண்டு ஃபாபரின் நெடுநாட் கனவு நிறைவேறியது. செரிஞ்ஞான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஒரு எக்டேர் நிலத்தை வீட்டோடு வாங்கினார். கல்லும் முள்ளும் மண்டிய தரிசு அது. அத்தகைய நிலத்தை அப்பகுதி மக்கள் அர்மாஸ் என்பர். பிறர் பயனற்றது என்று ஒதுக்கிய அந்நிலம் அவருக்குப் பொன்னிலமாயிற்று. முட்செடிகள் நிறைந்த இடத்தில்தான் குளவிகளும் தேனீக்களும் வண்டுகளும் அந்துப்பூச்சிகளும் குறைவின்றி வாழும். அதே ஆண்டில் பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெருநூலின் முதல் தொகுதியும் வெளிவந்தது.

தோட்டத்துப் பைன் மரங்களில் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுக்கள் ஆண்டுதோறும் பட்டுநூற் பைகளைப் பின்னி, இலைகளைத் தின்று வந்தன. அவர் அக்கூடுகளைக் கவைக்கோலால் வீழ்த்தி அழிப்பது வழக்கம். அவற்றின் வாழ்க்கையை முழுதும் அறிய விரும்பிய பின்னர், சில கூடுகளை விட்டுவைத்தார்.

அப்புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்செல்லும் புழு விட்ட பட்டிழையைப் பற்றியே நடக்கும் இயல்பின. ஒரு நாள் அவை ஒரு பெரிய தொட்டியின் விளிம்பில் ஏறின. வரிசையின் தலையும் வாலும் இணைந்து வட்டமாயிற்று. வழிகாட்டும் புழு இல்லை. வழிவிலகும் புழுவும் இல்லை. பசியும் குளிரும் வாட்ட, அவை ஏழு நாள் அவ்விளிம்பையே சுற்றின! இறுதியில் சோர்வால் வரிசை குலைந்த பின்னரே சில கீழிறங்கி வழி கண்டன. எட்டாம் நாள் வரை அருகிருந்து கண்டு குறித்தவரின் பொறுமையை என்னென்பது!

விருந்தாக வந்த விட்டில்கள்

ஒரு மே மாதம் 6ஆம் நாள் காலை, ஃபாபரின் ஆய்வறையில் ஒரு கூட்டிலிருந்து பெண் அந்துப்பூச்சியொன்று வெளிவந்தது. சிறகில் மயிற்பீலியின் கண் போன்ற புள்ளிகளையுடைய பெருவகை அது. ஐரோப்பாவில் அதனினும் பெரிய அந்துப்பூச்சி இல்லை. ஃபாபர் அதனைக் கம்பிவலைக் கூண்டினுள் இட்டு மூடி வைத்தார்.

இரவு ஒன்பது மணியளவில், படுக்கச் சென்ற சிறு மகன் பால் தன் அறையில் நாற்காலிகளைத் தள்ளிக் கொண்டு துள்ளினான். தந்தையை உரக்க அழைத்தான். அவன் அறையில் பறவை போன்ற விட்டில்கள் பறந்து கொண்டிருந்தன. மெழுகுவத்தியை ஏந்தித் தந்தையும் மகனும் ஆய்வறைக்குச் சென்றனர். அங்கே பெண் பூச்சியின் கூண்டைச் சுற்றி ஆண் பூச்சிகள் மொய்த்துப் பறந்தன. வீடெங்கும் வந்திருந்தவை ஏறத்தாழ நாற்பது. மரங்கள் சூழ்ந்த வீட்டுக்கு, இருண்ட இரவில், வழி கண்டு வந்தது எங்ஙனம்? தொடர்ந்து எட்டு இரவுகளில் வந்தவை நூற்றைம்பது. கூண்டை இடம் மாற்றி வைத்தாலும் அவை தேடி அடைந்தன.

மணமே அவற்றை அழைத்ததோ என்று ஃபாபர் ஐயுற்றார். நம் வீடுகளில் துணிப்பெட்டியில் அந்துருண்டை இடுவது வழக்கம். அந்துருண்டைக்குரிய நாப்தலீன் என்னும் பொருளைக் கூண்டருகே வைத்து, அதன் நெடியால் அறையை நிரப்பினார். மணத்தை மணம் மறைக்கும் என்பது அவர் கருத்து. ஆண் பூச்சிகளோ எப்போதும் போல வந்து சேர்ந்தன! சில ஆண்டுகள் முயன்றும் முடிவு தெளிவாகவில்லை. தெளியாததைத் தெளிந்ததாகச் சொல்ல அவர் உடன்படவில்லை, காத்திருந்தார்.

அக்காத்திருப்புக்குப் பயன் கிடைத்தது. வீட்டுக்குக் காய்கறி கொண்டுவரும் ஏழு வயதுச் சிறுவன் ஒருநாள் வேறொரு வகைக் கூட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அதிலிருந்து வெளிவந்த பெண் பூச்சியை நாடிப் பட்டப்பகலிலேயே அறுபது ஆண் பூச்சிகள் வந்தன. ஃபாபர் அப்பெண் பூச்சியைக் கண்ணாடிக் குடுவையினுள் அடைத்து, சன்னலருகே நன்கு தெரியும்படி வைத்தார். முன்னாள் இரவு அது தங்கியிருந்த வெற்றுக் கூண்டை அறையின் இருண்ட மூலையில் விட்டார். வந்த ஆண் பூச்சிகள் கண்ணெதிரே இருந்த பெண்ணை ஏறிட்டும் பாராமல், வெற்றுக் கூண்டையே சூழ்ந்தன. பெண் அமர்ந்திருந்த ஓக்கு மரக்கிளையை நாற்காலியின் மேல் இட்டால், அவை நாற்காலியை நாடின.

ஆகவே, அவற்றை ஈர்த்தது உருவமன்று. பெண் பூச்சி தங்கிய இடத்தில் படிந்த மணமே என்பது தெளிவாயிற்று. நாப்தலீனின் நெடி நம் மூக்கை நிறைக்கலாம். அந்துப்பூச்சியின் உணர்கொம்புக்கு அதனூடே தன் இனத்தின் மணம் தனித்துப் புலப்படுகின்றது.

பின்வந்தோர் பெற்ற பயன்

அம்மணப்பொருள் யாது என்பதைக் கண்டறியும் கருவிகள் ஃபாபர் காலத்தில் இல்லை. 1959ஆம் ஆண்டு செருமன் நாட்டு வேதியியல் அறிஞர் புட்டேனாண்டும் அவர்தம் குழுவினரும், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து மிகச் சிறிதளவு மணப்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை வெளிப்படுத்தினர். பின்னர்ப் பயிரைத் தாக்கும் பல அந்துப்பூச்சிகளின் மணப்பொருள்கள் அறியப்பட்டன. அவை செயற்கையாகவும் ஆக்கப்பட்டன. கத்தரியின் காய்த்துளைப்பானுக்கும் பயற்றின் காய்ப்புழுவுக்கும் இன்று வைக்கும் பொறிகள் அவ்வறிவின் விளைவே. பொறியில் விழும் ஆண் பூச்சிகளை எண்ணினால், புழு பெருகப் போகும் காலத்தை உழவர் முன்கூட்டியே அறியலாம். தேவையில்லாத போது நஞ்சு தெளிப்பதைத் தவிர்க்கலாம்.

ஃபாபரின் கருத்து அனைத்தும் பிழையற்றது என்று கொள்ளுதல் ஆகாது. உயிரினங்கள் படிப்படியாக மாறி வளர்ந்தன என்னும் டார்வினுடைய கொள்கையை அவர் ஏற்கவில்லை. பிற்கால அறிவியல் டார்வின் பக்கமே நின்றது. ஆயினும் டார்வின் ஃபாபரின் கூர்நோக்கைப் பெரிதும் பாராட்டினார். ஃபாபரும் டார்வினை மதித்தார். கருத்து வேறுபாடு அவர்தம் நட்பைக் குலைக்கவில்லை.

1907ஆம் ஆண்டுக்குள் அவருடைய பெருநூல் பத்துத் தொகுதிகளாய் நிறைவுற்றது. புகழ் மிகத் தாமதமாகவே வந்தது. 1910ஆம் ஆண்டு அவரைப் போற்றி அறிஞர்கள் அவ்வூரில் விழா எடுத்தனர். 1913ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவரே நேரில் வந்து அம்முதியவரைக் கண்டு சென்றார். 1915ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், தொண்ணூற்றோராம் வயதில் ஃபாபர் இயற்கை எய்தினார். அவர் வாழ்ந்த வீடும் தோட்டமும் அருங்காட்சியகமாகப் போற்றப்படுகின்றன.

பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் தீங்கு செய்வது சிறகு பெற்ற பூச்சியன்று. சிறகு பெறுமுன் இருந்த புழுவே. துணி அந்துப்பூச்சி சிறகு பெற்றபின் எதனையும் உண்பதில்லை. இவ்வுண்மையை அறியாதவர் விளக்கொளியில் பறக்கும் பூச்சியைத் துரத்திக் களைப்பர். அறிந்தவர் அரிசியை உலர்த்துவர், பெட்டியைத் துப்புரவு செய்வர், வயலில் முட்டைக் குவியலைத் தேடி எடுப்பர், கோடையில் நிலத்தை உழுது வைப்பர். பகையை வெல்ல விரும்புவோர் முதலில் அதன் வாழ்க்கையை அறிதல் வேண்டும். அந்த அறிவைத் தேடுவதற்குப் பொருட்செல்வம் தேவையில்லை என்பதை, கிழிந்த சட்டைப் பையில் வண்டுகளைச் சேர்த்த ஏழைச் சிறுவனின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.